ஏழு மரமும் ஒரு தவளையும்

"கெங்கோ அண்ணே, இங்க வந்து இதைப் பாருங்க."

"மாட்டேன் டாக்டரம்மா. இப்பத்தான் சாப்பிட்டேன்."

இலையில் பொதிந்த மீன்சோற்றின் கடைசித் துண்டை வாயில் தள்ளியபடி லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார் கெங்கோ. ஐம்பது வயது. பூமரக் காப்புச் சங்கத்தின் லாரியும் ஏணியும் அவர் பொறுப்பு. சங்கத்தின் வம்பும் அவர் பொறுப்பு.

மிசாவோ செத்த மரத்தின் அடியில் குந்தியிருந்தாள். மூன்று நாள் அடைமழை அன்று காலைதான் மூச்சு வாங்க நின்றிருந்தது. பட்டை ஊறி, கையை வைத்தால் பிசுபிசுத்தது. அவள் கண்ணுக்கு நேரே, நின்றால் இடுப்பளவு உயரத்தில், ஓடில்லாத நத்தைகள் ஒரு கொத்தாக மொய்த்துக் கிடந்தன. யாரோ காறித் துப்பிய சளிக்குக் கொம்பு முளைத்ததுபோல. ஒன்றின் முதுகில் ஒன்று வழுக்கி ஏற, அடியில் கிடந்தது நசுங்கி நெளிந்தது.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பதினெட்டு வருடமாக மர வைத்தியம் பார்க்கிறாள். அழுகல், புழு, பூஞ்சை எதையும் வெறுங்கையால் தொடுவாள். நத்தை மட்டும் ஆகாது. கண்ணை விலக்கிப் பக்கத்து மரத்தைப் பார்த்தாள்.

அங்கேயும் ஒரு கொத்து. அதே உயரத்தில்.

மூன்றாவது மரம். அதே உயரம்.

எழுந்து ஏழு மரத்தையும் சுற்றி வந்தாள். ஒவ்வொன்றிலும் நாலைந்து கொத்து, அரைஞாண் கட்டியதுபோல வரிசையாக. அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. கீழேயும் இல்லை.

"அண்ணே, நத்தைக்கு அளவு நாடா பிடிக்கத் தெரியுமா?"

"என்னது?"

"வந்து பாருங்கன்னா."

கெங்கோ முனகிக்கொண்டே வந்தார். பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"ச்சீ! இதுக்குத்தான் வரமாட்டேன்னு சொன்னேன்."

*

ஜப்பானின் யோஷினோ மலையில் செர்ரிப் பூ கீழிருந்து மேலே ஏறும். ஏப்ரல் தொடக்கத்தில் அடிவாரம் வெளுக்கும். பிறகு நடுமலை, பிறகு உச்சி. மலைச்சாமியின் முதல் உருவத்தைச் செதுக்கியது செர்ரிக் கட்டையில் என்பதால் இங்கே ஒவ்வொரு செர்ரி மரமும் சாமியின் உடம்பு. கிளையை ஒடித்தால் விரல் போகும், மரத்தை வெட்டினால் தலை போகும் என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு விரல் போகாது. ஆனால் காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் அடுப்பில் வைப்பதில்லை.

இந்த ஏப்ரலில் நடுமலை வெளுத்தபோது, அதன் மத்தியில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஷிரகுமோ விடுதிக்குக் கீழ்ச்சரிவில் ஏழு மரங்கள், எல்லாம் எழுபது எண்பது வயது, ஒரு மொட்டுக்கூட விடவில்லை. வெள்ளைச் சேலையில் தீ பட்ட இடம்போலப் பழுப்பாக நின்றன. ரயில் ரயிலாக வந்த கூட்டம் அதையும் படம் பிடித்தது. செத்த மரங்களின் அடியிலேயே நீலத் தார்ப்பாயை விரித்துக் குடித்தது, அங்கேயே வாந்தி எடுத்தது. அதை மண்ணள்ளிப் போட்டு மூடியவளும் மிசாவோதான்.

அப்போதே கேட்டாள். "அடிமரத்துல விரல் அளவு ஒரு வெட்டு. உள்ள பார்த்தா என்ன வியாதின்னு தெரிஞ்சிடும்." மற்ற மரங்களில் பூசை போட்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, பட்ட கிளையை எடுப்பது வழக்கம்தான். சங்கம் தலையாட்டினால் போதும்.

சங்கத்தின் துணைத்தலைவர் குராமொச்சி எழுந்தார். ஷிரகுமோ விடுதியின் முதலாளி. அறுபது வயது. வெண்ணெயில் பிசைந்ததுபோல வெளுத்த, மயிரில்லாத விரல்கள். அந்த விரல்களை ஈரத் துவாலையால் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"சாமி உடம்புல கத்தியா? இந்த ஏழு மரத்துலயும், உசுரோட இருந்தாலும் செத்தாலும், தானா விழுற வரைக்கும் ஒரு கத்தி படக்கூடாது. இதை நான் கும்பிட்டுக் கேக்கறேன்."

பதினோரு உறுப்பினர்களில் மூன்று பேர் அழுதுவிட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் வார்த்தை மாறாமல் எழுதி எல்லோரும் கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்தினார்கள். மரக் காப்பாளர் என்ற முறையில் மிசாவோவும் குத்தினாள்.

மே மாதம் பேச்சு கிளம்பியது. போன அக்டோபரில் மிசாவோ அந்த மரங்களின் வேருக்கு மட்கு போட்டாளே, அதில்தான் ஏதோ வினை. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஷிரகுமோ விடுதியில் டீ குடித்தபோது கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

*

"ஓ, மிசாவோம்மா! இந்தச் சகதியில நின்னுக்கிட்டு என்ன பண்றே?"

குடையும் துவாலையுமாகக் குராமொச்சியே இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், சரிவின் மேலே, விடுதியின் புதிய கண்ணாடிக் கூடம் பளபளத்தது. போன வருடம் கட்டத் தொடங்கியது. தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. அதற்கு எதிரே ஏழு மரங்களும் கைதிகள்போல நின்றன. அவை மட்டும் இல்லையென்றால் மலையின் ஆயிரம் மரமும் கூடத்துக்குள்ளேயே வந்துவிடும்.

"நத்தை பாக்கறேன் குராமொச்சி-சான்."

"ஐயே! பாவம், செத்ததுக்கப்புறமும் நிம்மதி இல்ல இதுங்களுக்கு." முகத்தைச் சுளித்துத் துவாலையை மூக்கில் வைத்துக்கொண்டார். "எனக்கே மனசு கேக்கல. ஏப்ரல்ல வேணாம்னேன். இப்பப் பாரு, எப்படி அழுகுது. எட்டாந்தேதி கூட்டத்துல நானே சொல்லப்போறேன். முறைப்படி பூசை போட்டு மரியாதையா எடுத்துடலாம்னு."

"தானா விழுற வரைக்கும்னு எழுதியிருக்கே?"

"காப்பாளர் ஒரு கடுதாசி கொடுத்தா தீர்மானத்தை மாத்தலாமே. 'மரம் ஆபத்து, வெட்டலாம்'னு ஒரு வரி."

"நான் தரமாட்டேன்."

"தெரியும்மா." குரலில் பாகு வடிந்தது. "உனக்கும் வேலை ஜாஸ்தி. மட்கு விஷயத்துல பேரு வேற கெட்டுப்போச்சு. ஒசாகாவுல ஒரு நல்ல ஆள் இருக்கான். கூட்டத்துல காப்பாளரை மாத்தறதும் ஒரு விஷயமா வருது. மனசுல வச்சுக்காதே."

அவர் போகும்போது அவள் தோளில் தட்டினார். தட்டிய கையைத் துவாலையில் துடைத்துக்கொண்டார்.

கெங்கோ காறித் துப்பினார். "இந்த வருஷம் கோயில் திருவிழாவுல தவளை வேஷம் யாரு தெரியுமா? இந்த ஆளுதான். தானா கேட்டு வாங்கிக்கிட்டானாம்."

மிசாவோ கேட்கவில்லை. அவள் கண் நத்தைகளின்மேல் இருந்தது. நாலு நாள்தான் இருக்கிறது. பதவி போனால் அவளுக்குச் சோறு வேறு ஊரில் கிடைக்கும். மரத்தைக் கொன்றவள் என்ற பெயர் மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும். புதிதாக வருபவன் முதல் நாளே கடுதாசி எழுதுவான், இரண்டாம் நாள் ஏழு மரமும் லாரியில் ஏறும். மரத்துக்குள்ளே என்ன இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

நத்தை எதற்கு வரும்? தின்ன வரும்.

"அண்ணே, உங்க சாப்பாட்டுக் குச்சியைக் கொடுங்க."

"எதுக்கு? ஐயோ, வேணாம்! டாக்டரம்மா, அதுல நான் நாளைக்கும் சாப்பிடணும்!"

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் நத்தையைக் குச்சியால் பெயர்த்தாள். நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது. ஐந்தாவது. பத்தாவதில் அவள் திரும்பி, புல்லில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குந்தினாள்.

கொத்துக்கு அடியில் பட்டை இல்லை. பட்டைபோல ஒன்று இருந்தது. காய்ந்த கஞ்சி திரும்ப ஊறியதுபோல வழவழவென்று, பழுப்புத்தூள் கலந்து, பாதி தின்னப்பட்டு.

"தொண்டைக்கு வாய் கொப்பளிக்க ஒரு மருந்து வச்சிருப்பீங்களே, பழுப்பா, அயோடின் வாசனையோட..."

"நேத்துப் பாட்டுக் கச்சேரியில கத்தினதுக்கா? லாரியில இருக்கு. உனக்கும் தொண்டையா?"

மூடியில் ஊற்றி ஒரு சொட்டு விட்டாள். ஒரே நொடியில் பழுப்புக் கஞ்சி கருநீலமாக மாறியது.

கெங்கோ ஒரு அடி பின்வாங்கினார். "ஏய்... என்ன இது?"

"மாவு. மாவா இருந்தாத்தான் இப்படி நிறம் மாறும்."

"மரத்துல ஏது மாவு?"

குச்சியால் தோண்டினாள். மாவு அடைப்பு கழன்று விழுந்தது. பின்னால் விரல் நுழையும் ஓட்டை. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். எந்தப் புழுவும் அவ்வளவு ஒழுங்காகத் துளைக்காது. சரிவாகக் கீழ்நோக்கி, மரத்தின் நெஞ்சுவரை. மூக்கை வைத்தாள். அழுகலுக்கு அடியில் இன்னொரு நெடி, மருந்துக் கடையின் பின்பக்கத்து நெடி. களைக்கொல்லி.

"டிரில் போட்டு ஓட்டை. உள்ள விஷம். மேல பட்டைத்தூள் கலந்த மாவு. காய்ஞ்சா பட்டை மாதிரியே இருக்கும், பக்கத்துல நின்னாலும் தெரியாது. கத்தி வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"கத்தி வைக்கக் கூடாதுன்னு அழுதான்ல..." கெங்கோவின் குரல் இறங்கியது. "ஆனா மாவு எல்லார் வீட்டுலயும் இருக்கு டாக்டரம்மா. இந்த மலையில கொடிக்கிழங்கு மாவு இல்லாத கடை ஏது? என் வீட்டுலயே மூணு பை இருக்கு. நான்தான்னு சொல்லிடாதே!"

அவர் சொன்னதும் சரிதான். அடுத்த மரத்தைத் தோண்டினாள். மாவு. அடுத்தது. மாவு. ஐந்தாவது மரத்தில் நான்காவது அடைப்பு கையில் வந்தபோது, அதை உடைத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாவுக்குள் ஒரு பூ.

இதழ் இதழாக மடிந்த, மங்கிய ரோஸ் நிறச் செர்ரிப்பூ. இந்த வருடம் அந்த மரத்தில் இருந்த ஒரே பூ.

யோஷினோக்காரன் பூவைப் பறிக்கமாட்டான். பூவை உப்பில் ஊறப்போட்டு வைப்பதெல்லாம் கிழக்கத்தி ஊர்களின் வழக்கம். இந்த மலையில் ஒரே ஓர் இடத்தில்தான் அது புழங்கியது. கொடிக்கிழங்கு மாவைக் கிண்டி, கண்ணாடிபோல உறையவைத்து, உப்பு அலசிய ஒரு பூவை நடுவில் வைத்துத் தட்டில் நடுங்க நடுங்கக் கொண்டுவரும் பலகாரம். ஷிரகுமோ விடுதியின் பெயர் சொல்லும் பலகாரம். அடுக்குப் பூக்களைப் பொட்டலத்தில் வெளியூரிலிருந்து வரவழைக்கிறார் என்று ஊரே முகம் சுளித்து, பிறகு பழகிவிட்டது.

"மிச்சமானதைப் பிசைஞ்சு அடைச்சிருக்கான்," என்றார் கெங்கோ மெதுவாக. "புதுசா மாவு கிண்டக்கூட மனசு வரல பாரு, கஞ்சப்பயலுக்கு. எப்ப பண்ணியிருப்பான்?"

"போன செப்டம்பர் புயல். ரெண்டு நாள் ரோடு மூடியிருந்துச்சு. அந்தக் காத்துல டிரில் சத்தம் யாருக்குக் கேக்கும்?"

தொண்டைக்காக வாயில் அடக்கும் மிட்டாய் டப்பாவைக் காலி செய்து நீட்டினார் கெங்கோ. அவள் பூவை அதில் வைத்து மூடினாள். அன்று சாயங்காலம் கையை ஏழு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். வழவழப்பு போகவில்லை.

*

ஜூலை ஏழு. தவளைத் திருவிழா.

அந்தக் காலத்தில் ஒருவன் சாமியையும் மலைச் சாமியார்களையும் கேலி பேசினானாம். ஒரு பெரிய கழுகு அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செங்குத்துப் பாறையில் போட்டுவிட்டது. அழுதான். ஒரு சாமியார் இரங்கி, அவனைத் தவளையாக்கிக் கீழே இறக்கினார். கோயிலில் எல்லோரும் மந்திரம் சொல்ல, திரும்ப மனிதன் ஆனான். அதனால் வருடா வருடம் ஊர்க்காரர் ஒருவர் தவளையாகி, குருமார் முன்னால் தத்தித் தத்திப் போய், மனிதனாக எழுந்திருப்பார்.

ஊர்வலம் கிளம்பும் இடத்தின் பின்கொட்டகையில் தவளை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. பச்சை உரோமத் துணி, பெரிய வெள்ளைக் கண், அகன்ற வாய். அந்த வாய்க்குள் வலைக்குப் பின்னால் குராமொச்சியின் முகம் வியர்த்து மின்னியது. உடுத்திவிட்டவர்கள் முரசுத் தேரைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"யாரு? மிசாவோம்மாவா? நல்ல நேரத்துல வந்தே. தண்ணி கொடு, உசுரு போகுது. உறிஞ்சுகுழல் போட்டுக் கொடு."

அவள் பாட்டிலை நீட்டினாள். தவளையின் வாய்க்குள்ளிருந்து வெளுத்த நாக்கு நீண்டு குழலைத் தேடியது. புளித்த ஊறுகாய் வாடையும் வியர்வை வாடையும் ஒன்றாக வந்தன. பாட்டிலை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"மரத்தைத் தோண்டிப் பார்த்தேன். கத்தி இல்லாம. உங்க பலகாரத்தைத் தின்ன நத்தை வந்திருந்துச்சு."

உறிஞ்சுவது நின்றது.

"பூவும் கிடைச்சுது," என்றாள்.

தவளை சிரித்தது.

"சரி. இப்ப என்னங்கறே?"

"ஏன் பண்ணீங்க?"

"மறைச்சுதே! ஏழே ஏழு மரம், ஆயிரம் மரத்தை மறைச்சுது. மலையில எத்தனை ஆயிரம் மரம் இருக்கு மிசாவோம்மா? ஏழு பல்லு போனா கிழவனுக்குச் சோறு இறங்காதா?" மறுபடி குழலைக் கவ்வினார். "அப்புறம் ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பேசறது குராமொச்சிகிட்ட இல்ல, தவளைகிட்ட. இன்னும் ஒரு மணி நேரத்துல கோயில்ல என் பாவமெல்லாம் கழிஞ்சிடும். சாமியே விட்டப்புறம் நீ யாரு?"

"அதுக்காகத்தான் வேஷம் கேட்டு வாங்கினீங்களா?"

"பின்ன, இந்த வெயில்ல ஆசைக்கா?"

வெளியே முரசு அதிர்ந்தது. ஆட்கள் ஓடிவந்து தவளையைத் தூக்கித் தேரில் ஏற்றினார்கள். தெருவில் குழந்தைகள் கைதட்டின. தவளை இரண்டு பக்கமும் கையசைத்தது.

மிசாவோ கூட்டத்தின் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பச்சை முதுகு குனிந்து குனிந்து தத்தியது. மந்திரம் உயர்ந்தது. குருமாருக்கு உள்ளே இருப்பது யார், என்ன செய்தவன் என்று தெரியாது. அவர்கள் உண்மையாகவே அவனுக்காக வேண்டிக்கொண்டார்கள். அதுதான் அவளை உலுக்கியது. தவளைத் தலை கழன்றது. வியர்வையில் நனைந்த வழுக்கைத் தலையோடு, குராமொச்சி கண்ணீர் வடிய இரண்டு கையையும் கூப்பினார். ஊரே கைதட்டியது.

"நல்லா அழறான்ல?" என்றார் கெங்கோ காதருகே. "விடுதி வைக்கலைன்னா நாடகக் கம்பெனி வச்சிருப்பான்."

அவள் பையிலிருந்த மிட்டாய் டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

எட்டாம் தேதி காலை பத்து மணி. சங்க அலுவலகத்தின் பாய் விரித்த அறை. பதினோரு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள், கதவோரம் கெங்கோவும். தலைவர் உமேதானி, டீக்கடைக்காரர், எழுபது வயது, யாருக்கும் வருத்தம் வராமல் கூட்டத்தை முடிப்பதே தன் பிறவிப்பயன் என்று நம்புகிறவர். நடுவில் பெரிய தட்டு. அதில் நடுங்கிக்கொண்டிருந்தன பதினைந்து கண்ணாடிப் பலகாரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பூ. குராமொச்சியின் அன்பளிப்பு.

மிசாவோவுக்கு அது நத்தைக் கொத்தாகத் தெரிந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. படங்களைப் பரப்பினாள். ஏழு மரம், முப்பத்தொரு ஓட்டை. அடைப்பு ஒன்றைத் தனியாக ஒரு சிறு தட்டில் வைத்துக் கொப்பளிக்கும் மருந்தை விட்டாள். நீலமானது. பிறகு, யாரும் எதிர்பாராமல், குராமொச்சியின் பலகாரம் ஒன்றை எடுத்து அதன்மேலும் விட்டாள். அதுவும் நீலமானது. கடைசியாக மிட்டாய் டப்பாவைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு பூ. ஒரே மாதிரி அடுக்கு, ஒரே நிறம்.



"மாவுல பூ வைக்கறவங்க வேற யாராவது இந்த மலையில இருந்தா சொல்லுங்க," என்றாள்.

எல்லோருடைய கண்ணும் மெல்லக் குராமொச்சியிடம் போயிற்று. அவர் எழுந்தார். இரண்டடி பின்னால் போனார். மடிந்து, கைகளை ஊன்றி, நெற்றி பாயில் படும்படி விழுந்தார்.

"என் தப்பு! புத்தி கெட்டுப்போச்சு. நேத்து சாமி முன்னாலயே எல்லாத்தையும் கொட்டி அழுதேன். நூறு நாத்து நட்டுக் கொடுக்கறேன். துணைத்தலைவர் பதவியும் வேணாம். மன்னிச்சிடுங்க!"

கொன்றவன் விழுந்தான். அறை இளகியது. மிசாவோவின் கண் முன்னாலேயே இளகியது, வெயிலில் வைத்த பலகாரம்போல.

"இவ்வளவு தூரம் இறங்கி வந்துட்டாரு..." என்றார் ஒருவர்.

"நேத்துத்தான் பாவம் கழிச்சாரு," என்றார் இன்னொருவர்.

உமேதானி தொண்டையைச் செருமினார். "போலீஸ், பேப்பர்னு போனா மலை பேரு நாறிடும். நம்ம சாமி உடம்புக்கு நம்மளே விஷம் வச்சோம்னு போடுவான். இந்த அறையோட முடிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு மிசாவோ-சான்... நீயும் சங்கத்தைக் கேக்காம சாமி மரத்தைக் குச்சி வச்சு நோண்டியிருக்கே. கத்தி இல்லைதான், ஆனாலும் முறை இல்ல. நீயும் ஒரு தடவை தலை குனிஞ்சிடு. ரெண்டு பக்கமும் சரியாப் போயிடும். காப்பாளரா நீயே இரு. மட்குப் பேச்சை இனி எவனும் எடுக்கமாட்டான்."

"என்ன நியாயம் தலைவரே இது!" கெங்கோ எகிறினார். "கொலைகாரனும் டாக்டரும் ஒண்ணா?"

"நீ லாரியைப் பாரு கெங்கோ."

மிசாவோ குராமொச்சியைப் பார்த்தாள். பாயிலிருந்து அரை முகம் நிமிர்ந்திருந்தது. ஒரு கண் அவளை அளந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணில் நீர் இல்லை.

எழுந்து போய்விடலாம். கதவை அறைந்து சாத்தலாம். அப்படிப் போனால் ஒசாகா ஆள் வருவான். கடுதாசி எழுதுவான்.

அவள் குனிந்தாள். நெற்றி பாயில் பட்டது. பாய் பழைய புல்லும் பாத வியர்வையுமாக நாறியது. மூன்று எண்ணும்வரை அப்படியே இருந்தாள். எச்சில் கசந்தது. குராமொச்சிமேல் வந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே திரும்பி நின்றது.

நிமிர்ந்தபோது உமேதானியின் முகம் மலர்ந்திருந்தது. "அப்பாடா! சரி, பலகாரம் சாப்பிடுங்க. அடுத்த விஷயம், அந்த ஏழு மரம். காப்பாளர் ஒரு கடுதாசி கொடுத்தா மரியாதையா எடுத்துடலாம். குராமொச்சி-சானும் கூடத்தைத் திறக்கணும் பாவம். இனி மறைக்க என்ன இருக்கு? கொடுத்துடேன்மா."

"முடியாது," என்றாள் மிசாவோ.

"என்னது?"

அலமாரியிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தாள். ஏப்ரல் பக்கம். நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"'இந்த ஏழு மரத்திலும், உயிரோடு இருந்தாலும் செத்தாலும், தானாக விழும்வரை ஒரு கத்தி படக்கூடாது.' கீழ பதினோரு உறுப்பினர் முத்திரையும் என்னுதும். முன்மொழிஞ்சவர் குராமொச்சி-சான். காப்பாளர் ஆபத்துன்னு எழுதினாத்தான் இதை மாத்தலாம். மரத்துக்கு அடியில பாதை இல்ல, வீடு இல்ல. எல்லாம் கீழ்ப்பக்கம் சாஞ்சிருக்கு, விழுந்தா சரிவுல விழும். எனக்கு ஒரு ஆபத்தும் தெரியல."

குராமொச்சி இப்போது முழுதாக நிமிர்ந்திருந்தார். "மிசாவோம்மா, அது செத்த மரம். நத்தை ஏறுது, காளான் முளைக்குது, நாறுது... கண்ணாடிக்கு நேரா இருபது அடியில!"

"சாமி உடம்பு குராமொச்சி-சான். நீங்கதான் அழுதுகிட்டே சொன்னீங்க."

நுணலும் தன் வாயால் கெடும். மற்ற பத்து உறுப்பினர்களும் பாயைப் பார்த்தார்கள். சாமியின் பெயரால் குத்திய முத்திரையைச் சாமியின் திருவிழாவுக்கு மறுநாளே அழிக்க எவருக்கும் கை வரவில்லை. உமேதானி பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், பேசாமலிருக்க அது ஒரு வழி.

"எத்தனை... எத்தனை வருஷம் ஆகும்?" குராமொச்சியின் விரல்கள் துவாலையைத் தேடின.

"நல்லா வேர் பிடிச்ச மரம். பத்து வருஷம் நிக்கலாம். சிலது கூடவும் நிக்கும்."

கெங்கோ இருமினார். சிரிப்பை விழுங்கியதில் வந்த இருமல்.

*

அக்டோபரில் கண்ணாடிக் கூடம் திறந்தது. வந்தவர்கள் ஒரு முறை வெளியே பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஏழு அடிமரமும் சாம்பல் நிறத்தில் உரிந்து, காது காதாகக் காளான் தள்ளி, மழை பெய்தால் ஒருவித இனிப்பு நாற்றத்தோடு நின்றன.

மிசாவோ வாரம் ஒரு முறை கையுறை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்து வந்தாள். நத்தைகள் இப்போது வரிசையில் இல்லை. மரத்தில் தின்ன மாவு தீர்ந்து, கூடத்தின் குப்பைத்தொட்டியை மோப்பம் பிடித்துச் சரிவில் ஏறத் தொடங்கியிருந்தன. நூறு நாற்றும் வந்து இறங்கின, சங்கத் தலைவர் நன்றிக் கடிதம் எழுதினார். குராமொச்சி தெருவில் பார்த்தால் இன்னும் "மிசாவோம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் தலையாட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாயின் நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

ஒரு மழைநாள் காலையில் கெங்கோ அவள் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டரம்மா, மேல பாரு."

கூடத்தின் கண்ணாடியில் ஒரு பெரிய நத்தை, வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு, வழவழக் கோடு இழுத்தபடி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே குராமொச்சி ஈரத் துவாலையோடு நின்று, அதே இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது உள்பக்கம், நத்தை வெளிப்பக்கம்.

மிசாவோவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.